பத்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடும் நாயை ஒரு மணி நேரம் நடக்கப் பழக்குவது எப்படி?

முதலில் ஒரு வேண்டுகோள். நாளைக் காலையிலிருந்து அவனை இழுக்காதீர்கள்.

மூன்றரை வயது ஆண் லேப்ரடார், 41 கிலோ, மடிப்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு, காலை ஏழு மணிக்கு அப்பாவோடு நடை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுகிறான், பிஸ்கட்டைக் காட்டினால்தான் எழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார், நாயையும் அதே அளவு நடக்க வைக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. நடக்கக்கூடிய ஆசைதான். லேப்ரடார் ஒரு மணி நேரம் என்ன, அதற்கு மேலும் நடக்கும். ஆனால் அவன் உட்காருவதைப் பிடிவாதம் என்றோ சோம்பேறித்தனம் என்றோ நினைக்காதீர்கள். முப்பது வருடம் கால்நடை மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் ஊரில் நாயின் நடையை முதலில் நிறுத்துவது கால் இல்லை, சூடு. தெம்பு ஏற்றுவது என்று நாம் சொல்வதில் பாதி, அந்தச் சூட்டை அவன் உடம்பு வெளியேற்ற வழிசெய்து கொடுப்பது.

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு அப்படி இல்லை. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அது கணக்கில் சேராது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதுதான் அதற்கு வியர்வை. வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் காற்றில் ஆவியாகிப் போகும்போது சூடும் கூடப் போகிறது. அந்த ஈரம் ஆவியாக வேண்டுமென்றால் வெளிக்காற்று ஓரளவாவது காய்ந்திருக்க வேண்டும். சென்னைக் காலைக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கொடியில் போட்ட துணி எட்டு மணிக்கும் பிசுபிசுவென்று இருக்கும். அந்தக் காற்றில் நாய் எவ்வளவு இரைத்தாலும் சூடு பாதிதான் இறங்கும். அதனால்தான் கோயம்புத்தூரில் முக்கால் மணி நேரம் உற்சாகமாக நடந்த நாய், வீடு மாறிச் சென்னைக்கு வந்ததும் இருபது நிமிடத்தில் துவண்டுவிடுகிறது. இதில் உங்கள் பையன் பத்துக் கிலோ கொழுப்பையும் போர்வை மாதிரி சுமந்துகொண்டு நடக்கிறான். அதுவும் ஏழு மணி வெயிலில்.

விருதுநகர் மாவட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் ஆட்டுக்காரர் ஒருவரிடம் ஒரு நாய் இருந்தது. சிப்பிப்பாறையும் நாட்டு நாயும் கலந்த ஒல்லிப் பெட்டை. மந்தையோடு அது ஒரு நாளில் நடக்கும் தூரத்துக்குக் கணக்கே கிடையாது. தடுப்பூசி போடப் போன ஒரு பகலில் அது வேலிக்கருவை நிழலில் முன்னங்காலால் மண்ணைப் பறித்து, மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, உள்ளே ஈரம் தெரிகிற வரை தோண்டி, அந்தக் குழியில் அடிவயிற்றை வைத்துப் படுத்ததைப் பார்த்தேன். “இனி நாலு மணிக்குத்தான் சார் எந்திரிக்கும், நீங்க கறியைப் போட்டாலும் வராது” என்றார் அவர். அத்தனை தெம்புள்ள நாய், தன் தெம்பை எப்போது செலவழிக்கக் கூடாது என்பதையும் தெரிந்து வைத்திருந்தது. வீட்டு நாய்க்கு அந்தச் சுதந்திரம் இல்லை. வாரைப் பிடித்திருப்பது நாம். நம்மோடு வரும் ஆசையில் அது முடியாமல் போகும்வரை நடக்கும். உங்கள் பையன் உட்கார்ந்தாவது சொல்கிறான். சொல்லாமல் நடந்து விழுந்த நாய்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன.

அதனால் முதல் மாற்றம் நேரம். ஏழு மணி வேண்டாம், ஐந்தரை. வெளிச்சம் வருவதற்குள் கிளம்பி, வெயில் சுவரில் இறங்கும்போது வீட்டுக்குள் இருக்க வேண்டும். மாலை நடை என்றால் எட்டரை மணிக்கு மேல். சூரியன் மறைந்துவிட்டதே என்று ஆறரைக்குக் கூட்டிப் போகிறார்கள். தார்ச்சாலை பகலெல்லாம் குடித்த சூட்டை அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும். நாயின் வயிறு அந்தச் சாலைக்கு ஒரு முழத்துக்கும் மேலே இல்லை. சந்தேகம் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாலையில் நில்லுங்கள். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்துப் பார்ப்பதும் உண்டு, ஆனால் வெறுங்காலில் நின்று பார்ப்பதுபோல் வராது. உங்களால் நிற்க முடியாத இடத்தில் அவனாலும் நடக்க முடியாது.

இரண்டாவது, நடையைக் கூட்டும் முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். இதைத் தட்டிக் கழிக்க வேண்டாம். மூன்றரை வயது என்பது நாயின் இளமை. அந்த வயதில் பன்னிரண்டு நிமிடத்தில் உட்காருவதற்கு எடையும் சூடும் போதுமான காரணம்தான், ஆனால் அவை மட்டும்தான் காரணம் என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒருவர் தன் நாயைக் கூட்டி வந்து, “சுத்த சோம்பேறி டாக்டர், வாக்கிங் என்றாலே படுத்துக்கொள்கிறது” என்றார். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும்; தேங்காய்ப் பருப்பு மாதிரி வெளுத்திருந்தது. காது மடலுக்குள் மிளகளவு உண்ணிகள் ஏழெட்டு. உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தில் தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு வந்திருந்தன. நாலு வாரம் மாத்திரை சாப்பிட்டு, அதன் பிறகு ரத்தம் ஊறி, இரண்டாவது மாதம் அதே நாய் அவரை இழுத்துக்கொண்டு நடந்தது.

உண்ணிக் காய்ச்சலைத் தரும் எர்லிக்கியா, பேபீசியா என்ற கிருமிகள் இரண்டும் நம் ஊரில் சர்வசாதாரணம். இரண்டையும் பழுப்பு நாய் உண்ணி பரப்புகிறது. காய்ச்சல் அடித்துப் போட்டால் கண்டுபிடித்துவிடுவோம். உள்ளுக்குள் மெதுவாகப் புகையும் எர்லிக்கியாதான் ஏமாற்றும்: சாப்பிடும், வாலாட்டும், நடக்க மட்டும் தெம்பிருக்காது. கொக்கிப்புழு இருந்தாலும் ரத்தம் போய் அப்படித்தான் இருக்கும். எனவே ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, இதயத்தைக் காதுகொடுத்துக் கேட்பது, பின்னங்கால் இடுப்பு மூட்டை அசைத்துப் பார்ப்பது, இவ்வளவும் செய்யச் சொல்லுங்கள். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். நன்றாகச் சாப்பாட்டைக் குறைத்தும் எடை இறங்கவில்லை என்றால் தைராய்டும் பார்க்க வேண்டியிருக்கும். லேப்ரடார்களில் இன்னொரு பரம்பரைக் கோளாறும் உண்டு. துள்ளி ஓடி விளையாடிய பத்துப் பதினைந்து நிமிடத்தில் பின்னங்கால்கள் துவண்டு தடுமாறும். உங்கள் வீட்டில் நடப்பது அதுபோல் தெரியவில்லை, ஆனால் அப்படி ஒருமுறை நடந்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள்.

வீட்டிலேயே நீங்கள் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இரவு அவன் நன்றாகத் தூங்கும்போது, இரைக்காமல் அமைதியாக இருக்கும்போது, விலா ஏறி இறங்குவதை முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். மூன்று நாலு இரவு பார்த்து, தொடர்ந்து முப்பதைத் தாண்டினால் நடைப் பழக்கத்தை ஒத்திவைத்துவிட்டு இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

இனி எடை. அவன் எலும்பமைப்புக்கு 31, 32 கிலோ இருந்தால் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நேரில் பார்ப்பவர் சரியாகச் சொல்வார். நீங்களே பார்ப்பதென்றால், உங்கள் கையை விரித்துப் புறங்கை எலும்புகளைத் தடவிப் பாருங்கள். அவன் விலாவைத் தடவும்போது அதே மாதிரி இருக்க வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். இப்போது அவன் முதுகு மேசை மாதிரி இருக்கும் என்பது என் ஊகம்.

வாரத்துக்கு நானூறு முதல் அறுநூறு கிராம் இறங்கினால் போதும். அதற்கு மேல் வேகம் வேண்டாம். 32 கிலோ நாய் எடை குறைக்கும் காலத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 940 கலோரி சாப்பிடலாம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஒரு மேரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி. காலை அப்பா காபியோடு இரண்டு, அம்மா சமைக்கும்போது இரண்டு, நடுத்தெருவில் எழுப்புவதற்கு மூன்று, இரவு பால் குடிக்கும் குழந்தை கையிலிருந்து மூன்று என்று பத்துப் பிஸ்கட் போனால், அவனுடைய ஒரு நாள் சாப்பாட்டில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. யாரும் நிறையக் கொடுக்கவில்லை, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார்கள். எனவே காலையில் ஒரு டப்பாவில் அன்றைய உலர்தீவனத்தை எடைபோட்டு வையுங்கள். யார் எது கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். கொறிக்கக் கேட்டால் வெள்ளரி, பீன்ஸ் கொடுங்கள். தயிர்சாதம் கொடுக்கும் வீடு என்றால் சோற்றைப் பாதியாகக் குறைத்து, வேகவைத்த முட்டையோ கோழியோ சேருங்கள். சாம்பார் சாதம் மட்டும் வேண்டவே வேண்டாம்; வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். ரத்தம் குறைந்த நாய்க்கு நடக்கத் தெம்பு எங்கிருந்து வரும்?

இப்போது நடைக்கு வருகிறேன்.

முதல் மூன்று நாள் எதையும் கூட்டாதீர்கள், கவனிக்க மட்டும் செய்யுங்கள். கடிகாரத்தோடு போங்கள். அவன் உட்காரும் நேரம் முக்கியமில்லை. அதற்கு முன்பே அவன் நடை மாறும். முதலில் வார் தளர்ந்து உங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பான். பிறகு பக்கத்தில் வருவான். பிறகு வார் பின்பக்கமாக விறைக்கும். அந்த விறைப்பு எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறியுங்கள். பத்தாவது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தொடக்க அளவு எட்டு நிமிடம். காலை எட்டு, இரவு எட்டு. இது என்ன நடை என்று அப்பா கேட்பார். ஆனால் ஒவ்வொரு நாளும் களைத்து உட்கார்ந்து, இழுபட்டு, வீடு திரும்பிய நாய்க்கு நடை என்றாலே பயம் வந்திருக்கும். எட்டு நிமிடத்தில், இன்னும் தெம்பிருக்கும்போதே வீட்டுக்குத் திரும்பினால், மறுநாள் வாரை எடுக்கும் சத்தத்துக்கே வாசலுக்கு வந்து நிற்பான். அந்த மாற்றத்துக்குப் பெரும்பாலும் ஒரு வாரம் போதும்.

அப்பாவின் ஒரு மணி நேரம் என்ன ஆவது? ஐந்தரைக்கு இருவரும் கிளம்பட்டும். எட்டு நிமிடம் முடிந்ததும் அவனை வீட்டில் விட்டுவிட்டு அப்பா தன் மீதி நடையைத் தொடரட்டும். இருவருக்கும் ஒரே அளவு வேண்டும் என்ற எண்ணத்தை அடுத்த சில மாதங்களுக்குத் தள்ளி வையுங்கள்.

பாதை நேர்க்கோட்டில் போக வேண்டாம். ஏரிக்கரை வரை போய்த் திரும்புவது என்று வைத்தால், களைப்பு வரும் இடம் வீட்டிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும். 41 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு வர உங்கள் அப்பாவால் முடியாது. வீட்டைச் சுற்றியே சின்ன வட்டமாக, எந்த நிமிடத்திலும் மூன்று நாலு நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடக்கூடிய மாதிரி தெருக்களைத் தேர்ந்தெடுங்கள். நிழல் இருக்கிற, இரண்டு பக்கமும் மண்ணோரம் இருக்கிற தெரு நல்லது. முதல் மூன்று நிமிடம் அவன் இஷ்டம். மோப்பம் பிடிக்கட்டும், கால் தூக்கட்டும். அதுதான் உடம்பைச் சூடேற்றும் நேரம். பிறகு ஒரே சீரான நடை. கடைசி இரண்டு நிமிடம் மறுபடி மெதுவாக.

ஐந்து நாளுக்கு ஒருமுறை காலை நடையில் மட்டும் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். இரவு நடையை அப்படியே விடுங்கள். ஒவ்வொரு நாலாவது வாரமும் ஒன்றும் கூட்ட வேண்டாம், கொஞ்சம் குறைத்தாலும் நல்லதுதான். வாரத்தில் ஒரு நாள் நடைக்கு விடுமுறை. மலஜலத்துக்குக் கீழே கூட்டிப் போய்வந்தால் போதும். அரை மணியைத் தாண்டிய பிறகு இரண்டுக்குப் பதில் மூன்று நிமிடமாகக் கூட்டலாம். இந்தக் கணக்கில் ஒரு மணி நேரம் வர நாலரை ஐந்து மாதம் ஆகும்.

ஏன் இவ்வளவு மெதுவாக? இதயமும் தசையும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநார், மூட்டைக் கட்டி வைத்திருக்கும் நார், எலும்பு இவையெல்லாம் பழக மாதக்கணக்கில் ஆகும். எனவே ஐந்தாறு வாரத்தில் ஒரு கட்டம் வரும். அவன் துள்ளுவான், இன்னும் போகலாம் என்று இழுப்பான், உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். மூச்சு தயாராகிவிட்டது, மூட்டு இன்னும் தயாராகவில்லை. அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் குடும்பத்தோடு கடற்கரைக்குக் கூட்டிப் போய், காய்ந்த மணலில் இரண்டு மணி நேரம் பந்து எறிந்து விளையாடுவார்கள். திங்கட்கிழமை பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் என் மருத்துவமனை வாசலில் நிற்கும். எடை கூடிய லேப்ரடாருக்கு முழங்கால் நார் அறுவதற்கு ஒரு சடக்கென்ற திரும்பல் போதும். பந்து எறிவது விளையாட்டு, அது தெம்பு வளர்க்கும் பயிற்சி இல்லை. ஓடி, நின்று, திரும்பி, மறுபடி ஓடுவதில் மூட்டுக்குத்தான் அடி. எடை 35 கிலோவுக்குக் கீழே வரும்வரை பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். கடற்கரைக்குப் போனால் அலை வந்து நனைத்த இறுகிய மணலில் கொஞ்ச தூரம் நடத்துங்கள், உப்புத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள்.

ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டு நாயைப் பக்கத்தில் ஓட விடுகிறவர்களைப் பார்த்து நீங்களும் முயன்றுவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நடக்கும்போது நாய் மெதுவானால் உங்கள் கைக்குத் தெரியும். வண்டியில் தெரியாது. வேகத்தை வண்டி முடிவு செய்கிறது, நாய் முடிவு செய்யவில்லை. வெப்பத் தாக்கில் என்னிடம் வந்து, என்னால் காப்பாற்ற முடியாமல் போன ஒரு இளம் நாயை நினைக்கும்போதெல்லாம் இன்றும் மனசு கனக்கிறது. இரண்டு வயதுகூட ஆகவில்லை, காலை எட்டு மணிக்கு வண்டியோடு ஓடி வந்தது.

கூட்டுவதா நிறுத்துவதா என்று எப்படி முடிவு செய்வது? வீட்டுக்குள் தொங்கும் மாதக் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை நிமிடம் நடந்தான், வீட்டுக்கு வந்த பிறகு இரைப்பு அடங்க எத்தனை நிமிடம் ஆனது, மறுநாள் காலை எப்படி எழுந்தான். இரைப்பு பத்து நிமிடத்துக்குள் அடங்கினால் அந்த அளவு அவனுக்குப் பொருந்துகிறது. இருபது நிமிடம் ஆனால் நடை அதிகம், அல்லது அன்றைய காற்று கனம். ஆனால் நான் அதிகம் நம்புவது மூன்றாவதைத்தான். காலையில் எழும்போது முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு வந்தால் நேற்றைய நடை சரி. பின்பக்கத்தைத் தரையிலிருந்து இரண்டு முயற்சியில் தூக்கினால், முதல் பத்தடி விறைப்பாக நடந்தால், நேற்று கூடிவிட்டது. இரண்டு நாள் ஓய்வு, பிறகு முந்தைய அளவுக்குத் திரும்பிப் போங்கள்.

நடக்கும்போதே உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள் வேறு. நாக்கைப் பாருங்கள். சாதாரண இரைப்பில் நாக்கு ஒரு இலை மாதிரி தொங்கும். சூடு ஏறும்போது நுனி அகலமாகி, ஓரம் மடிந்து, கரண்டி மாதிரி ஆகிவிடும். எச்சில் கயிறாக ஒட்டும். ஈறு அடர்ந்த சிவப்பாகும். நிழல் கண்ட இடத்துக்கெல்லாம் ஒதுங்குவான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கரண்டி நாக்கைக் கண்டதும் நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். அன்றைய நடை முடிந்தது.

கால் தடுமாறினாலோ, வாந்தி எடுத்தாலோ, கண் நிலைகுத்தினாலோ அது வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 106-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். அப்போது முதலில் செய்ய வேண்டியது ஆட்டோ தேடுவது இல்லை. பக்கத்து வீட்டுக் குழாயில் ஹோஸ் இருந்தால் வாங்குங்கள். வயிறு, தொடையிடுக்கு, அக்குள் என்று உடம்பு முழுக்கத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். ஈரத் துண்டை மேலே போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளே பூட்டிவிடும். வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், புரையேறும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். நனைத்த பிறகு மருத்துவமனைக்குப் போங்கள், போகும் வழியிலும் நனைத்துக்கொண்டே போங்கள். எழுந்து நின்று வாலாட்டினாலும் கட்டாயம் காட்டுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் ரத்தம் உறையாமல் போவதும் ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும்.

தண்ணீர்ப் பாட்டிலும் மடிக்கிற கிண்ணமும் எப்போதும் கையில் இருக்கட்டும். பதினைந்து நிமிடத்தைத் தாண்டும் நடையில் நடுவில் ஒருமுறை நிறுத்தி நாலு மடக்கு கொடுங்கள். சாப்பாடு நடைக்குப் பிறகுதான், அதுவும் இரைப்பு முழுக்க அடங்கி முக்கால் மணி நேரம் கழித்து. சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் நடக்கக் கூட்டிப் போக வேண்டாம். ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால் நடு இரவானாலும் ஓடுங்கள்.

கழுத்துப் பட்டையில் இழுத்து நடத்துவதைவிட மார்பில் மாட்டும் ஹார்னஸ் நல்லது. மூச்சுக்குழாய் அழுந்தினால் இரைப்பதே கஷ்டம், சூடு எப்படி இறங்கும்? தோளை அழுத்தாமல், முன்னங்கால் தாராளமாக முன்னே போகிற மாதிரி வாங்குங்கள். நகத்தைப் பாருங்கள். டைல்ஸில் நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் கேட்டால் நகம் நீளம். விரல்கள் மேலே தள்ளப்பட்டு நடையே கோணலாகும். அடுக்குமாடி நாய்களின் பாதத் தோல் மெத்தென்று இருக்கும், சாலைக்குப் பழகச் சில வாரம் ஆகும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். வெடிப்பு, முள், கண்ணாடித் துண்டு, உண்ணி. அதிலும் உண்ணி விரலிடுக்கிலும் காதுக்குள்ளும்தான் ஒளியும். மாதாந்திர உண்ணி மருந்தைத் தேதி தவறாமல் கொடுங்கள். வெளியே நடக்கும் நேரம் கூடக் கூட உண்ணி ஏறும் வாய்ப்பும் கூடும்.

தெருநாய்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மடிப்பாக்கம் என்றதும் எனக்கு அதுதான் தோன்றியது. முனைக்கு முனை ஒரு கூட்டம் இருந்து, அவன் முழு நடையும் காதை விறைத்துக்கொண்டு போனால், அந்தப் பதற்றமே அவன் தெம்பில் பாதியைத் தின்றுவிடும். சில நாய்கள் உட்காருவதற்கு அதுவும் காரணம். தினமும் ஒரே நேரம், ஒரே வழி போனால் இரண்டு மூன்று வாரத்தில் தெருநாய்களுக்கு நீங்கள் பழகிப்போவீர்கள். கல்லைத் தூக்காதீர்கள், ஓடாதீர்கள். உங்கள் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி தேதி தாண்டாமல் இருக்கட்டும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்க விடாதீர்கள். எலிச் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் அதில்தான் காத்திருக்கும். அதற்கும் தடுப்பூசி உண்டு, வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கும் தொற்றக்கூடியது என்பதால் விட்டுவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: இந்தக் கணக்கு உங்கள் நாய்க்கு அப்படியே பொருந்தாது. பக், பிரெஞ்சு புல்டாக் மாதிரி மூக்கு நசுங்கிய நாய்களுக்கு ஒரு மணி நேரம் என்ற இலக்கே தவறு. சென்னையில் பதினைந்து இருபது நிமிடம், அதுவும் விடியற்காலையில், தாராளம். குட்டிகளின் எலும்பு நுனிகள் இன்னும் மூடியிருக்காது. பெரிய இனங்களுக்கு ஒன்று, ஒன்றரை வயது வரை ஆகும். அதுவரை நீண்ட நடை வேண்டாம், தோட்டத்தில் தன் போக்கில் ஓடி விளையாடட்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை வைத்திருப்பவர்களுக்குத் தெம்பு ஒரு பிரச்சினையே இல்லை. ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கும் மெல்லிய வெள்ளை முடியும் வெயிலில் புண்ணாகும், அதைக் கவனித்தால் போதும். எட்டு ஒன்பது வயது லேப்ரடாரின் குரல் கரகரத்து, மூச்சு விடும்போது சத்தம் வந்தால் அது வயசு என்று விடாதீர்கள், குரல்வளை செயலிழக்கும் நோயாக இருக்கலாம். அப்படிப்பட்ட நாய் வெயிலில் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

நீங்கள் ஐப்பசியில் கேட்டது நல்ல நேரம். மழை இடைவெளிகளில் தொடங்குங்கள். மார்கழியும் தையும் சென்னையில் நாய்க்குக் கிடைக்கும் சிறந்த இரண்டு மாதங்கள். கோலம் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் இருபது இருபத்தைந்து நிமிடம் சுலபமாக நடந்துகொண்டிருப்பான். மாசிக் கடைசியில் முக்கால் மணியைத் தொட்டால் அதிர்ஷ்டம், தொடாவிட்டாலும் குறையில்லை. ஒருவேளை பங்குனிக்குள் ஒரு மணி வந்துவிட்டாலும், சித்திரை பிறந்ததும் மறுபடி அரை மணிக்குக் குறையுங்கள். கத்திரி நாட்களில் இருபது நிமிடம். குறைத்தால் சேர்த்ததெல்லாம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். தினமும் கொஞ்சம் நடந்துகொண்டிருந்தால், ஆனியில் காற்றும் வெயிலும் கொஞ்சம் இறங்கியதும் மூன்று நாலு வாரத்தில் விட்ட இடத்துக்கு வந்துவிடுவான்.

முதல் மாதத்து எடையையும், காலண்டரில் இரைப்பு அடங்கிய நிமிடங்களையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு இரவு நடையை எப்போது கூட்டலாம் என்று சொல்கிறேன்.